சந்தோசம் கேட்ட உபதேசியார்

நம் வயதுக்காரர்கள், அதுவும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரிடமாவது போய் "சந்தோசம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலராது. கை மடிக்குப் போகும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. நமக்கு அந்தச் சொல் சிரிப்பைக் குறித்ததே இல்லை. லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றித் தரச் சொல்லித் தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கையாவிடம் போய் நின்றால் ஒரு சந்தோசம். லொறிக்காரரிடம் ராகலை வரைக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றிவிடச் சொன்னால் ஒரு சந்தோசம். அது பூசணிக்காயாக இருக்கலாம், ஒரு கட்டு லீக்ஸாக இருக்கலாம், பெரிய காரியமானால் சேவலாக இருக்கலாம். லஞ்சம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கொடுப்பவர் மனமாரக் கொடுப்பதாகவும், வாங்குகிறவர் கேட்காமலே வாங்குவதாகவும் ஒரு பாவனை. சிங்களம் பேசும் லொறிக்காரரும் இதே சொல்லைத்தான் சொல்வார். பாஷை தெரியாவிட்டாலும் சந்தோசம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது ஒன்றும் தெரியாமல் ஒரு மனிதர் எங்கள் தோட்டத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தோஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதனால் வந்த வினையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இத்தனை வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பொங்கல் முடிந்த வாரம் உபதேசியார் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகாத வாலிபர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கன்வாஸ் சப்பாத்து. எங்கள் மலைக் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றுகொண்டு, "இங்க நல்லா குளுகுளுன்னு இருக்கு பாத்தியளா" என்று சொல்லிச் சிரித்தார். தோட்டத்தில் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலோ ஐந்தோதான் இருந்தன. வேதக்கோயில் கிடையாது. ஆகவே பிள்ளைக்காம்பராவில் கூட்டம் நடத்த அனுமதி வாங்கியிருந்தார். சாமி எந்தச் சாமியானால் என்ன, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போக்கிடம் ஒன்று கிடைத்ததே என்று எல்லா லயத்துப் பிள்ளைகளும் போய் உட்கார்ந்துவிட்டோம். பெரியவர்களும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள்.

முதல் வாரமே அவர், "ஒழுங்கா வார பிள்ளைகளுக்கு வாராவாரம் ஆளுக்கு ஒரு அட்டை தாரேன்" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தி எழுந்து, "ஐயா, அட்டை எங்க கால்லயே நெறைய இருக்குங்க. ஒங்க கால்லயும் ஒன்னு இருக்குங்க" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். சப்பாத்துக்கு மேலே கால்மேசில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, பையிலிருந்து தம்முடைய அட்டைகளை எடுத்துக் காட்டினார். வழவழப்பான வண்ணப்பட அட்டைகள். ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மனிதர், படகு, நாங்கள் யாருமே கண்டிராத கடல். பின்பக்கம் பசை வாசம் அடிக்கும். நான் ஏழு அட்டை சேர்த்தேன். வீடு மாறியபோது அவை எங்கே போயின என்று தெரியவில்லை, இன்றைக்கும் அந்தக் கடலின் நீலம் ஞாபகத்தில் இருக்கிறது.

வந்தால் மட்டும் போதாது, கேட்ட பிரசங்கத்தை மறுவாரம் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தான் அட்டை என்று பிறகு சொல்லிவிட்டார். அதனால் நான் ஒரு சொல் விடாமல் கேட்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பித்துப் பழகுவேன்.

அம்மா கூட்டத்துக்கு வந்ததில்லை. அவளுக்கு மாரியம்மன் மேல் அவ்வளவு பிடிப்பு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். உபதேசியாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். உண்மை வேறு. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. புளித்த பாலும் பினாயிலும் கலந்த வாசம் அந்தச் சுவரிலேயே ஊறியிருக்கும். துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை அவற்றை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள். அதில் மூன்றாவது தொட்டில் என் தங்கச்சியுடையது. அந்த வாசலை மிதிக்க அம்மாவால் முடியவில்லை.

தங்கச்சி ஐப்பசி மழையில் போனாள். பத்து மாசக் குழந்தை. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. அப்பா கொட்டும் மழையில் டிஸ்பென்சரி ஐயா வீட்டுக்கு ஓடினார். கையில் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு சேவல். அதைக் கவ்வாத்துச் சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்தோம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில், கத்தி யாருடைய காலிலும் படாமல் இருக்கச் சாமிக்குச் சேவல் அறுப்பது எங்கள் வழக்கம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். நேர்ந்த சேவலை அம்மா பிடித்துக் கொடுத்தும், "சாமிக்குன்னு சொன்னத எப்படி வேற ஆளுக்குக் குடுக்கிறது?" என்று இறக்கி விட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரம் அந்த வாசலில் நின்றாராம். ஐயா வெளியே வரவில்லை. பிள்ளையை நாளைக்குக் காலையில் கொண்டு வரச் சொன்னதாக உள்ளிருந்து ஓர் ஆள் வந்து சொன்னாராம். காலை வரைக்கும் தங்கச்சி இருக்கவில்லை.

இப்போது யோசித்தால், நாலு தோட்டத்துக்கு ஒரே ஆளான அந்த ஐயா அன்றைக்குத் தாமே காய்ச்சலில் படுத்திருந்தாலும் படுத்திருக்கலாம். வந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அம்மாவுக்கு ஒரே கணக்குத்தான். சந்தோசம் இல்லாமல் போய் வாசலில் நின்றதால் பிள்ளை போயிற்று. மூன்று வாரம் கழித்துச் சேவலை அறுத்தார்கள். அம்மா அந்தக் கறியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்குத் தேத்தண்ணீரைக் கையில் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாள். கோப்பையைத் தரையில் வைப்பாள், அப்பா எடுத்துக்கொள்வார். வீட்டில் யாரும் தங்கச்சி பெயரைச் சொல்வதில்லை.

உபதேசியாரின் பிரசங்கத்துக்கு வருகிறேன். நல்ல பேச்சு. விசுவாசம் என்பது கோயிலோடு முடிகிற காரியமில்லை, கொழுந்து எடுக்கும்போதும் வளரணும், பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போதும் வளரணும் என்பார். "நீங்க வளக்கிற தேயிலைச் செடி மாதிரி நாளுக்கு நாள் ஒசந்து வளரணும்" என்று ஒருநாள் சொல்ல, கவ்வாத்துக்காரர் ஒருவர் அடக்கமுடியாமல், "அத வளர விட்டா கண்டாக்கையா எங்கள ஏசுவாருங்க" என்று சொல்லிவிட்டார். தேயிலையை இடுப்புக்கு மேலே வளரவிடாமல் வெட்டுவதுதானே எங்கள் பிழைப்பு. உபதேசியார் அதையும் குறித்துக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் முகம் அவருக்கு.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் இப்படிப் பேசினார். "கர்த்தர் உங்ககிட்ட ஆட்டக் கேக்கல, மாட்டக் கேக்கல. அவரு கேக்கது ஒன்னே ஒன்னு. சந்தோஷம்! வாடுன முகத்தோட அவரு வாசல்ல போயி நின்னா அவருக்கும் மனசு சங்கடப்படுமா இல்லியா? போகும்போது சந்தோஷத்தோட போங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார். "அங்கயுமா?"

உபதேசியாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "ஆமாய்யா! அங்கயுந்தான்! இங்கயும் சந்தோஷம், அங்கயும் சந்தோஷம்!"

பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பார்க்க வேண்டுமே! பூசணிக்காய், நோக்கோல், முட்டைக்கோவா, இரண்டு கட்டு லீக்ஸ், கால் கட்டிய பெட்டைக்கோழி ஒன்று. "சந்தோசங்கய்யா" என்று சொல்லிச் சொல்லி மேசைக்கடியில் வைத்தார்கள். ஏழை ஜனங்கள் இப்படி அள்ளிக் கொடுக்கிறார்களே என்று அவர் கண் கலங்கினார். எங்கள் தோட்டத்தில் விசுவாச எழுப்புதல் வந்துவிட்டதாக நுவரெலியாவில் இருந்த பெரிய குருவானவருக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

அந்தப் பிரசங்கத்தை நான் அம்மாவிடம் பீலியடியில் ஒப்பித்தேன். அம்மா துணி கும்மிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கி என்னடி சொன்னாரு?"

"சந்தோசம் கேட்டாரும்மா."

கை நின்றது. "அவருக்கா?"

"இல்லம்மா, அவங்க சாமிக்கு. ஆடு மாடெல்லாம் வேணாமாம். சந்தோசம் மட்டும் கட்டாயம் கொண்டு போகணுமாம்."

"கொண்டு போகாட்டி?"

அதற்கு உபதேசியார் சொன்னது எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. வாசல் என்றார், முகம் என்றார். மிச்சத்தை நானே சேர்த்தேன். தடுமாறாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்குத்தானே அட்டை.

"மொகத்தையே பாக்க மாட்டாராம். வாசல்லயே நிக்க வச்சிருவாராம்."

 சோப்பு நுரை அது பாட்டுக்கு வழிந்து கான் வாய்க்காலில் ஓடியது. "புள்ளைங்களையுமா?" என்று கேட்டாள் அம்மா. "எல்லாரையுந்தான்" என்றேன்.

காய்கறி குவிந்ததற்கு மறு ஞாயிறு, அன்றைக்கும் மேசைக்கடியில் சந்தோசம் வந்து சேர்ந்திருக்க, பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, பிள்ளைக்காம்பரா வாசலில் அம்மா வந்து நின்றாள். பனிமூட்டத்தில் தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. பாட்டு நின்றது. உபதேசியார் எழுந்து வாசலுக்குப் போனார். அம்மா மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சந்தோசங்கய்யா."

அவர் பிரித்தார். தங்கச்சியின் வெள்ளி அருணாக்கொடி. சவக்காலைக்குக் கொண்டுபோகுமுன் அம்மா கழற்றி வைத்தது. உபதேசியாருக்கு விஷயம் ஓரளவு தெரியும், தோட்டம் முழுக்கத் தெரிந்த சாவுதானே. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "பாருங்க! பிள்ளையப் பறிகொடுத்த தாய் சந்தோஷமாக் கொடுக்காங்க! இதுதான் விசுவாசம்!" என்றார்.

அம்மா அவர் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. "ஐயா," என்றாள், "இவ்ளோ நாளா வாசல்லயே நிக்கிதுங்க. சின்னப் புள்ளைங்க, குளிர் தாங்காதுங்க. இப்பவாச்சும் உள்ள விடச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. "யாரும்மா நிக்கது?" என்றார். அம்மா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்போது பிள்ளைக்காம்பரா ஆயாதான் எழுந்து அவர் பக்கத்தில் போனாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. இங்க சந்தோசம்னா வேறங்க" என்று தொடங்கி, டிஸ்பென்சரி வாசல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். உபதேசியார் மேசைக்கடியில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தார். கையில் இருந்த கொடியைப் பார்த்தார். பால் போத்தல் வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கடைசி ஜெபம் நடக்கவில்லை.

அந்த வாரம் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்தாள். பீலியில் மற்றப் பெண்களோடு நாலு வார்த்தை பேசினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, என்னால்தானே என்று.

உபதேசியாரோ லயம் லயமாக அலைந்தார். குடை ஒரு கையில், பூசணிக்காய் ஒரு கையில். "இத வச்சிக்கிடுங்க, கர்த்தர் இதக் கேக்கல" என்று வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். சனங்கள் நடுங்கிப் போனார்கள். "பத்தலைங்களாய்யா?" என்று கேட்டு, ஒரு பூசணிக்காய் கொடுத்தவர் இரண்டாகக் கொண்டு வந்தார். பெட்டைக்கோழி கொடுத்தவர் சேவலுக்குச் சொல்லி வைத்தார். இந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அப்போது அவருக்கு அழுகைதான் வந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். பொழுது சாய்கிற நேரம். அப்பா இஸ்தோப்புத் திண்ணை ஓரத்தில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உபதேசியார் வாசற்படியில் உட்கார்ந்து துணி முடிச்சை எடுத்துப் படியில் வைத்தார். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பத்தலைங்களா?"

எல்லா வீட்டிலும் கேட்ட கேள்விதான். 

"அப்படி இல்லம்மா. அவரு ஒன்னுமே கேக்கல."

"அப்ப வாங்க மாட்டேன்னுட்டாரா? சந்தோசம் இல்லாட்டி மொகத்தையே பாக்க மாட்டாரு, வாசல்லயே நிக்க வச்சிருவாருன்னு நீங்கதானங்கய்யா சொன்னீங்க? புள்ள வந்து சொல்லிச்சே."

உபதேசியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.  "இல்லம்மா, பிள்ள தப்பாச் சொல்லிட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பித்துக்கொள்ளலாம். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா," என்றார். "நாந்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"சாமி விசயத்துலயா தப்பாச் சொல்லுவீங்க?"

"படிச்சதச் சரியா வெளங்கிக்கிடாம சொல்லிட்டேன். மன்னிச்சிக்கிடுங்க. அவரு வாசல்ல கதவே கெடையாதும்மா. ஒங்க பிள்ள அன்னைக்கே உள்ள போயிட்டா."

"சந்தோசம் இல்லாமயா?"

"ஒன்னுமே இல்லாம."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்கிறாரா என்று தேடுவதுபோல. கத்தி தீட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"பிள்ளைக்குப் பேரு என்னம்மா?" என்று உபதேசியார் கேட்டார்.

நாலைந்து மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அம்மா சொன்னாள். இங்கே நான் எழுத மாட்டேன், அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். ஒரு தரம் சொன்னவள் நிறுத்தவில்லை. முன்பல் இரண்டு முளைத்தது, அதை வைத்து அவள் தோளைக் கடித்தது, எல்லாம் சொன்னாள். "விடியக் காலையில சேவல் கூவுச்சுன்னா போதுங்க. ரெண்டு கையையும் அடிச்சுக்கிட்டு, அதுவும் கூவுறாப்புல..." என்று சொல்லி, தங்கச்சி மாதிரியே கையை அடித்துக் காட்டினாள். காட்டும்போது சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"இதத்தாம்மா நான் கேட்டேன்," என்றார் உபதேசியார். "இதுக்குத்தான் எங்க ஊர்ல சந்தோஷம்னு பேரு."

அப்பா எழுந்து உள்ளே வந்தார். "அந்தச் சேவல நான் குடுத்திருக்கணும்" என்றார். அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. அம்மா அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினாள். உபதேசியாருக்கு, தொட்டுக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் சீனி வைத்துக் கோப்பையைக் கொடுத்தாள். பிறகு அப்பாவின் கோப்பையை எடுத்துவந்து, தரையில் வைக்காமல், அவர் கையில் கொடுத்தாள்.

நாங்கள் வேதத்துக்கு மாறவில்லை. உபதேசியாரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பிரசங்கத்தில் மறந்தும் சந்தோஷம் என்று சொல்வதில்லை. "மகிழ்ச்சி" என்பார். மேடையில் பேசுகிற சொல்லாக இருக்கிறதே என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சித்திரை கழிந்து அவரை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எனக்கு எட்டாவதாக ஒரு அட்டை நீட்டினார். நான் வாங்காமல் ஓடிவிட்டேன். ஏன் ஓடினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அருணாக்கொடியை அம்மா அடுத்துப் பிறந்த தம்பிக்குக் கட்டினாள். அவன் நடக்கத் தொடங்கிய வயதில் ஓடைப்பக்கம் எங்கேயோ விழுந்து தொலைந்தது. அம்மா ஒருநாள் தேடினாள், பிறகு விட்டுவிட்டாள்.

அம்மா நெடுங்காலம் இருந்தாள். சாமியார், பூசாரி, கட்சித் தலைவர் என்று யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசியில் உபதேசியாரிடம்தான் வந்து நிற்பாள். "எத்தன பேரு வந்தாங்க, போனாங்க. தப்புப் பண்ணிட்டேன்னு வாசப்படியில ஒக்காந்து சொன்ன மனுசன் அந்த ஐயா ஒருத்தருதான்" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் தப்புப் பண்ணவில்லை அம்மா, நான்தான் பண்ணினேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.